எட்டாவது காரணம்

பாப்பா ஏன் இப்படித் தூங்குகிறாள் என்பதற்கு அந்த வீட்டில் ஆளுக்கொரு காரணம் கைவசம் இருந்தது. மூன்றே முக்கால் வயது. இரண்டு மாதத்துக்கு முன்பு வரை அவளைத் தூங்க வைப்பதற்குள் தூங்க வைப்பவருக்குத்தான் தூக்கம் வரும். வீட்டில் அவளுக்குச் செல்லப் பெயரே சைரன். இப்போது என்னடாவென்றால், மத்தியானம் சாய்ந்தால் சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருப்பதில்லை. உலுக்கி எழுப்பித் தட்டின் முன்னால் உட்கார வைத்தால், வாயில் வைத்த சோறு அப்படியே இருக்க, தலை தொங்கிவிடுகிறது.

"வளர்றா," என்றாள் அவளுடைய அம்மா. சட்டைத் தொழிற்சாலையில் தைத்து வருகிற சட்டைகளைக் குழல்விளக்குக்குக் கீழே விரித்துப் போட்டுக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை. ஊரில் எல்லோரும் சும்மா செய்கிற காரியத்துக்கு அவளுக்குச் சம்பளம் கிடைத்தது. தூங்குகிற பிள்ளையை நீட்டிவைத்து உச்சியிலிருந்து குதிகால் வரை டேப் பிடித்தாள். "பாருங்க, ஒரு மாசத்துல அரை இஞ்ச்."

"வளர்ற பிள்ளை ஓடிக்கிட்டே வளரும். இது கிடந்துகிட்டு வளருதாக்கும்," என்றாள் அத்தை. அதாவது, பாப்பாவின் அப்பாவுக்கு உடன்பிறந்த அக்கா. புருஷனோடு ஒத்துவராமல் ஆறு வருஷமாகத் தம்பி வீட்டுச் சின்ன அறையில் இருக்கிறாள். காலையில் பாப்பாவைப் பார்த்துக்கொள்வாள். மத்தியானம் ஒரு மணிக்குச் சலவைக் கடைக்குத் துணி தேய்க்கப் போவாள். "கண்ணுக்குக் கீழ இமைய இழுத்துப் பாரு. வெளுத்துக் கிடக்கு. ரத்தமே இல்ல."

அப்பா இருவருக்கும் நடுவில் நின்று, போனை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினான்.

"சின்னப் பிள்ளைகள் திடீரென்று அதிகம் தூங்குவதற்கான காரணங்கள். ஒன்று, வேகமான வளர்ச்சி. இரண்டு, வரப்போகும் சளி அல்லது காய்ச்சல். மூன்று, இரவில் தூக்கம் கெடுவது. நான்கு, வழக்கத்துக்கு மேல் ஓடியாடியது. ஐந்து, இரும்புச் சத்துக் குறைவு. ஆறு, பழக்கவழக்கத்தில் மாற்றம். ஏழு, மனதில் ஏதோ கவலை."

அந்தப் பக்கத்தில் எட்டாவதாக ஒன்று இருந்தது. 'கொடுக்கப்படும் மருந்துகள்' என்று போட்டிருந்தது. அவன் 'கவலை' என்ற இடத்தில் குரலை அழகாக இறக்கி முடித்துவிட்டதால், பட்டியல் அத்தோடு முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றியது. எங்கே குரலை இறக்கினால் கேட்பவர் நம்புவார் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? அதுதானே அவன் தொழில்.

வங்கிக்குப் போன் செய்தால் 'தயவுசெய்து இணைப்பில் காத்திருங்கள்' என்று ஒரு குரல் கெஞ்சுமே, அது அவன். லிஃப்டில் 'கதவு மூடுகிறது' என்று சொல்வதும் அவன்தான். ஒரு நாளைக்கு எத்தனையோ ஆயிரம் பேர் அவனைத் திட்டிக்கொண்டே கேட்கிறார்கள். நேரில் பார்த்தால் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. இந்தப் புகழ் பெற்ற குரல் பதிவாகிற இடம், படுக்கையறைத் துணி அலமாரி. போர்வைகளும் கோட்டுகளும் தொங்குகிற நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மைக்கை மடியில் வைத்துக்கொண்டு, கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொள்வான். துணி, எதிரொலியை விழுங்கிவிடும். பக்கத்துக் கட்டடத்தில் துளை போடுகிற சத்தத்தை மட்டும் எந்தத் துணியும் விழுங்காது. காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை அங்கே இயந்திரம் ஓடும். ஒரு மணிக்கு அது ஓயும். அதே ஒரு மணிக்கு அக்காவும் வேலைக்குக் கிளம்புவாள். ஆக, பேசுவதற்கு அவனுக்குக் கிடைத்தது மத்தியானம்தான்; அந்த மத்தியானத்தில் வீட்டில் இருந்தது சைரன்தான்.

"உங்கள் உடல்நலமே எங்கள்..."

"அப்பா, எனக்கு ஒண்ணுக்கு வருது."

"உங்கள் உடல்நலமே எங்கள் முதல்..."

"அப்பா, வந்துடுச்சு."

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு நிஜமாகவே சளி பிடித்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைக் காலையில் அக்கா கொடுத்தாள், மத்தியானம் அவன் கொடுத்தான். எல்லாம் சரியான அளவுதான். பாப்பா மூன்று மணி நேரம் தூங்கினாள். ஒரு முழு மருத்துவமனைக்கான அறிவிப்புகளை அன்றைக்கு ஒரே மூச்சில் முடித்தான். ஆறாம் நாள் சளி போய்விட்டது. வேலை போகவில்லை. அவள் மூக்கு லேசாக ஒழுகுகிற மாதிரி அவனுக்குத் தோன்றியது. அடுத்த வாரம் ஒழுகப் போகிற மாதிரி தோன்றியது. அதற்கடுத்த வாரம் மூக்கைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த பாட்டில் தீர்ந்ததும், அதே மாதிரி இன்னொன்று வாங்கி அதே இடத்தில் வைத்தான்.

கொடுமைக்காரன் என்று அவனைச் சொல்லிவிட முடியாது. சொன்னால் அவனே அழுதுவிடுவான். தூங்குகிற பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிடுவான். கடைவாயில் வழிவதைத் தன் சட்டையாலேயே துடைப்பான். நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, பூனை மாதிரி அடியெடுத்து வைத்து அலமாரிக்குள் போவான். பாசத்தில் ஒரு சொட்டுக்கூடக் குறை வைக்கவில்லை. மருந்திலும்தான்.

கடைசியில் மனைவி ஒரு நாள் லீவு போட்டாள். "டேப்ப நம்பி உட்கார முடியாது. கிளம்புங்க," என்றாள்.

டாக்டரம்மா கண்டிப்பானவள் இல்லை. அதுவே அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. பாப்பாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். தொண்டையைப் பார்த்தாள். குறட்டை விடுகிறாளா, புது இடத்துக்கு மாறினீர்களா, வீட்டில் ஏதாவது சண்டை சச்சரவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் படித்துக் காட்டிய அதே வரிசை. எட்டாவது எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"மருந்து ஏதாவது குடுக்கறீங்களா? சளிக்கு, அலர்ஜிக்கு, எதுவா இருந்தாலும்?"

"சேச்சே, இல்ல டாக்டர்," என்றாள் மனைவி. "எதுக்கெடுத்தாலும் மருந்த எடுத்து ஊத்தற ஆளுங்க இல்ல நாங்க." பிறகு அவன் பக்கம் திரும்பி, "சொல்லுங்களேன், நீங்கதானே மத்தியானம் வீட்ல இருக்கீங்க."

"இல்ல," என்றான் அவன். தெளிவாக, திடமாக, ஒரே டேக்கில்.

ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். பாப்பாவின் கையில் நரம்பு கிடைக்கவில்லை. மனைவி தலையைப் பிடித்துக்கொண்டாள், அவன் கால்களைப் பிடித்துக்கொண்டான். ஊசி உள்ளே போய், தேடி, வெறுங்கையோடு வெளியே வந்தது. "அப்பா, விடச் சொல்லுப்பா," என்று அலறினாள்.

"நீங்க பேசுங்க சார். உங்க குரல் நல்லாருக்கு, கேட்டா அடங்குவா," என்றாள் நர்ஸ்.

"ஒண்ணுமில்லடா, முடிஞ்சிடுச்சு," என்றான். முடியவில்லை. அடுத்த கை. "அவ்வளவுதான்டா, முடிஞ்சிடுச்சு." நாலு முறை சொன்னான். நாலாவது முறை, புறங்கையில், நிஜமாகவே முடிந்தது. பிடித்திருந்த கால்களை விட்டபோது கெண்டைக்காலில் அவன் விரல்கள் ஐந்தும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

வெளியே வந்ததும் மனைவி பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். "நீ சும்மா சும்மா தூங்கறதாலதான்டி ஊசி போடறாங்க. சமத்தா முழிச்சிட்டு இருந்தா போடவே மாட்டாங்க, சரியா?"

பாப்பா தலையை ஆட்டினாள்.

அன்றைக்கே அவன் பாட்டிலை நிறுத்தினான். இரத்தம் கொஞ்சம் குறைவுதான் என்று முடிவு வந்தது; இரும்பு டானிக் எழுதிக் கொடுத்தார்கள். நாலே நாளில் பாப்பா பழைய சைரன் ஆகிவிட்டாள். "நான் சொன்னேனா, ரத்தம்னு?" என்று அக்கா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை. டானிக்குக்குப் பெயர் கிடைத்தது, அவன் தப்பித்தான். கதை அங்கேயே முடிந்திருந்தால் நாமும் ஒரு நல்ல அப்பனைப் பற்றிச் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

ஐந்தாம் நாள் ரயில் நிலைய வேலை வந்தது. அறுபத்திரண்டு அறிவிப்பு, சாயங்காலத்துக்குள். முதல் அறிவிப்பிலேயே பாப்பா அலமாரிக் கதவைக் கரண்டியால் தட்டினாள். ஒன்பதாவதில் கதவுக்கு அடியில் தண்ணீர் ஊற்றினாள். பதினொன்றாவதில் அவன் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தான். கடைசியாக ஒரு தடவை. நாலு நாள் கொடுக்கவில்லையே, அதனால் கொஞ்சம் கூடவே.

அறுபத்திரண்டும் அருமையாக வந்தன.

ஐந்தரைக்கு மனைவி வந்து எழுப்பினாள். பாப்பா எழுந்திருக்கவில்லை. கன்னத்தில் தட்டினாள், முகத்தில் தண்ணீர் தெளித்தாள். கண் பாதி திறந்து, யாரையும் பார்க்காமல், மூடிக்கொண்டது. மனைவி செருப்புக்கூடப் போடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினாள். பின்னால் இரண்டு ஜோடிச் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு அவன் ஓடினான்.

மருத்துவமனையில் அதே டாக்டரம்மா. இம்முறை சிரிக்கவில்லை. டார்ச்சைக் கண்ணில் அடித்துப் பார்த்தாள், உள்ளங்காலைச் சுரண்டிப் பார்த்தாள். "மூளைக்கு ஸ்கேன் எடுத்துடலாம். ஆடாம அசையாம இருக்கணும், அதனால லேசா மயக்க மருந்து குடுத்துத்தான் எடுப்போம்," என்றாள்.

உள்ளே ஏற்கெனவே இருப்பதன் மேல் இன்னொன்றா? இப்போது அவன் வாயைத் திறந்தாக வேண்டும். திறந்தால் பக்கத்தில் நிற்கிறவள் இருக்கிறாள், அறுநூறு சட்டை பார்க்கிறவள். ஒரு நொடி. இரண்டு நொடி. நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்ற ஆரம்பித்தாள்.

"டாக்டர்," என்றான். "எங்க அக்கா... காலைல அவங்கதான் பாத்துப்பாங்க. சளி மருந்து கிளி மருந்து ஏதாவது குடுத்திருப்பாங்களோ என்னவோ. வீட்ல ஒரு பாட்டில் இருக்கு."

எவ்வளவு கவலையோடு, எவ்வளவு தயக்கத்தோடு, அக்கா தம்பி பாசம் துளியும் கெடாமல் சொன்னான் தெரியுமா? அவன் வாழ்நாளில் பதிவாகாமல் போன மிகச் சிறந்த டேக் அதுதான்.

டாக்டரம்மா கையைத் தூக்கி நர்ஸை நிறுத்தினாள். ஸ்கேன் நின்றது. பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார்கள். அவனே ஓடிப்போய்க் கொண்டுவந்தான். பாப்பாவுக்குச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றி, மார்பில் வயர்களை ஒட்டி, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் படுக்க வைத்தார்கள். "நல்ல நேரத்துல சொன்னீங்க," என்று டாக்டரம்மா அவன் தோளைத் தட்டினாள்.

சலவைக் கடையிலிருந்து அக்கா அப்படியே ஓடிவந்தாள். கையில் பாப்பாவின் போர்வை, உடம்பெல்லாம் சூடான துணி வாசனை.

"அண்ணி, பாப்பாவுக்குச் சளி மருந்து குடுத்தீங்களா?" என்றாள் மனைவி.

"குடுத்தேனே," என்றாள் அக்கா வெள்ளையாக.

"எப்ப?"

"அன்னைக்கு மூக்கு ஒழுகிச்சேம்மா, ரெண்டு மாசம் முன்னாடி. நீதானே குடுங்கன்னு சொல்லிட்டுப் போன. ஏன், என்ன ஆச்சு?"

மனைவி பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். தொழில் புத்தி. லேபிளின் ஓரத்தில் எறும்பு மாதிரி இருந்த எழுத்தைப் படித்தாள். "இது தயாரிச்சே ஒரு மாசம்தான் ஆகுது அண்ணி. சளி வந்தது ரெண்டு மாசம் முன்னாடி. இது வேற பாட்டில். புதுசா வாங்கினது. முக்கால்வாசி காலி."

"நான் வாங்கல."

"நீங்க வாங்கினீங்களா?" என்று மனைவி அவனைக் கேட்டாள். ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"நானா?" என்றான் அவன்.

அக்கா அவனைப் பார்த்தாள். தம்பி பொய் சொல்லும்போது என்ன செய்வான் என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்: ஒன்றுமே செய்ய மாட்டான். கண் சிமிட்ட மாட்டான், தலையைச் சொறிய மாட்டான், கையைப் பிசைய மாட்டான். சிலை மாதிரி நிற்பான். இப்போதும் நின்றான். அவள் பார்வையைத் தாங்க முடியாமல் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான்.

"அப்ப நான்தாம்மா வாங்கியிருப்பேன்," என்றாள் அக்கா, அவனைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "வேற யாரு இருக்கா வீட்ல."

மனைவிக்கு அது போதுமானதாக இருந்தது. "பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும் அண்ணி உங்களுக்கு," என்றாள். அக்கா போர்வையை மடித்து நாற்காலியில் வைத்தாள்.

மறுநாள் காலை பாப்பா கண்விழித்து ரொட்டி கேட்டாள். அதே காலை அக்கா பெட்டி கட்டினாள். சலவைக் கடையின் பின்பக்கம், துணி மூட்டை போடுகிற அறையில் படுத்துக்கொள்ளக் கடைக்காரர் இடம் கொடுத்திருந்தார். பெட்டியை அவன்தான் தெருமுனை வரை தூக்கிப்போனான்; அந்த மட்டும் மனசாட்சி இருந்தது.

"கொஞ்ச நாள்தான்க்கா. அவ கோபம் ஆறட்டும். நான் பேசிக்கறேன்."

"நீ பேசினது போதும்டா," என்று அக்கா பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

இப்போது வீட்டில் காலையும் மத்தியானமும் அவனும் பாப்பாவும்தான். பாட்டில் இல்லை. வந்த வேலைகளையெல்லாம் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லித் தள்ளிப்போட்டான். அதுகூடப் பரவாயில்லை. புதிதாக ஒரு தொல்லை முளைத்தது: பாப்பா தூங்க மறுத்தாள். மத்தியானமும் இல்லை, இரவிலும் இல்லை. கண் செருகும்போதெல்லாம் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துகொள்வாள். மூன்றாம் நாள் மத்தியானம் வந்து பார்த்தால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கை விரல்களாலும் மேலிமைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கண் இரண்டும் கோவைப்பழம்.

"என்னடா பண்றே?"

"நான் தூங்கலப்பா. முழிச்சிட்டுத்தான் இருக்கேன். ஊசி வேண்டாம்ப்பா."

அவன் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டான். தூங்கினால் ஊசி போட மாட்டார்கள் என்றான். அவள் நம்பவில்லை. அம்மா சொன்னாளே. சத்தியம் பண்ணினான். நம்பவில்லை. 'முடிஞ்சிடுச்சு' என்று நாலு தடவை சொன்னவன் சத்தியத்துக்கு அவளிடம் என்ன மதிப்பு இருக்கும்? பிஞ்சு உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சி நடுங்கியது. விரல்கள் மட்டும் இமையை விடவில்லை. கடைசியில், வேறு வழியே இல்லாமல், உண்மையைச் சொன்னான்.

"நீ தூங்கினதுக்கு நீ காரணம் இல்லடா. அப்பாதான் மருந்து குடுத்தேன். அந்த இனிப்பு மருந்து இருக்குல்ல, அது குடிச்சா தூக்கம் வரும். அதுக்குத்தான் ஊசி போட்டாங்க. இப்ப மருந்து இல்ல, அதனால ஊசியும் இல்ல."

பாப்பா யோசித்தாள். "அத்தை குடுக்கலயா?"

"இல்ல."

"அப்பறம் ஏன் அத்தை போச்சு?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை, விரல்கள் சரிந்தன, அடுத்த மூச்சில் தூங்கிவிட்டாள். மருந்தில்லாத தூக்கம். ஒன்றரை மணி நேரம் மடி மரத்துப்போக உட்கார்ந்திருந்தான். அலமாரிப் பக்கம்கூடத் திரும்பவில்லை. விழித்ததும் அவள் தலையைக் கோதிவிட்டுச் சொன்னான்: "மருந்து விஷயம் அம்மாகிட்ட சொல்ல வேண்டாம், என்ன? அப்பா பாவம்ல?"

"பாவம்," என்று ஒத்துக்கொண்டாள் பாப்பா.

ஐந்தரைக்கு மனைவி வந்தாள். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்றுவதற்குள் பாப்பா ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, அப்பா எனக்கு மருந்தே குடுக்கலம்மா."

மனைவி ஒற்றைச் செருப்போடு நின்றாள். "என்ன மருந்துடி?"

பாப்பா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். ஏதோ பிசகிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. எது என்று புரியவில்லை. கீழுதடு துடித்தது. சரிசெய்யப் பார்த்தாள். "இனிப்பு மருந்து. அப்பா எப்பவும் குடுக்கவே இல்ல."

மனைவி மெல்ல நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஒரு சட்டையைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள், அவசரமில்லாமல், தையல் தையலாக.

"அவ ஏதோ உளர்றா," என்றான் அவன். அந்தக் குரலில். வெதுவெதுப்பாக, பிசிறில்லாமல், ஆயிரம் பேர் நம்புகிற குரலில். "தூக்கக் கலக்கம். என்னடா, உளர்றேதானே?"

மூன்றே முக்கால் வயதுப் பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து, நிமிர்ந்து நின்றது. கண் சிமிட்டவில்லை. கையைப் பிசையவில்லை.

"ஆமாம்மா," என்றாள் தெளிவாக. "உளர்றேன்."

மனைவி குனிந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, அவன் பக்கம் பார்க்காமலே, "அண்ணிக்குப் போன் போடுங்க. சத்தமா வைங்க. நானும் கேக்கணும்," என்றாள்.

போட்டான். ஏழெட்டு முறை மணி அடித்தது. எடுத்ததும், பின்னால் ஈரத் துணியில் இஸ்திரிப் பெட்டி சீறுவது முதலில் கேட்டது. அப்புறம் அக்காவின் பதறிய குரல்.

"என்னடா? பாப்பா நல்லாருக்கால்ல?"

"நல்லாருக்காக்கா."

"தூங்கறாளா?"

அம்மாவின் இடுப்பிலிருந்து பாப்பா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தொண்டையைச் செருமினான். உதட்டை நனைத்துக்கொண்டான்.

"அது வந்துக்கா..." என்றான். "ஒண்ணுமில்ல. சின்ன விஷயம்தான்."

அதற்கு மேல் குரல் வரவில்லை. மனைவி போனுக்குக் கையை நீட்டினாள்.